கத்தரித்த ஏடுகள்

(இராயபுரத்துப் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடல் ஆளை விழுங்கிடும் என்பதை இராயபுரத்தாருக்கும் எண்ணூராருக்கும் எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. விடியுமுன் வலையோடு சென்றவர், விளக்கு வைக்கும் நேரத்திலும் திரும்பாத வீடுகள் இந்தக் கரை நெடுகிலும் உண்டு. ஆனால், அலை எழாமல், காற்று அடிக்காமல், ஒரு துளி நீரும் சிந்தாமல், காகிதத்தின் மீதே ஒரு கடல் ஒரு மனிதனை விழுங்கிய கதையைக் கேட்டதுண்டா?

கேளுங்கள். சோவியத் நாட்டிலே அரசு வெளியிட்ட மாபெரும் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டு. அதன் ஐந்தாம் தொகுதியிலே லவ்ரெந்தி பேரியா என்பாரைப் பற்றி நீண்டதொரு கட்டுரை, முழுப்பக்க உருவப்படத்துடன் இடம்பெற்றிருந்தது. யார் இந்தப் பேரியா? இரகசியக் காவல் துறையைக் கையில் வைத்திருந்தவர், ஸ்டாலினின் வலக்கரம். 1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்தார். ஜூன் திங்களில் பேரியா சிறைப்பட்டார். டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர், கலைக்களஞ்சியம் வாங்கியோர் வீட்டுக்கெல்லாம் ஓர் அறிவிப்பு வந்தது: ஐந்தாம் தொகுதியில் 21 முதல் 24 வரையிலான பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவரக் கத்தியாலோ வெட்டி எடுத்துவிட்டு, இத்துடன் அனுப்பியுள்ள தாள்களை அவ்விடத்தில் ஒட்டிக்கொள்க!

புதிய தாள்களிலே இருந்தது என்ன? பேரிங் கடல்! அகரவரிசையில் பேரியாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கடல். ஆகவே அவரை இழுத்து நீட்டி, இறந்தவரின் இடத்தில் அமர்த்தி வைத்தனர். பக்க எண் குறையவில்லை. புத்தகத்தின் எடை குறையவில்லை. ஒரு மனிதர் மட்டும் குறைந்து போனார்.

“போகட்டுமே! அந்தப் பேரியா கொடியவர்தானே? கொடியவரின் புகழுரையைக் கிழித்தெறிந்ததில் என்ன குற்றம்?” என்று கேட்டிடத் தோன்றும். நியாயமான கேள்வி. பேரியா கொடியவர்தான், அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒருவன் கொடியவன் என்றால், அவன் செய்த கொடுமை இன்னின்னது, அதனால் மாண்டவர் இன்னின்னார், அவனுக்குத் துணை நின்றவர் இன்னின்னார் என்றல்லவா அந்த ஏட்டிலே எழுத வேண்டும்? அதை எழுதினால், துணை நின்றவரிலே பலர் அப்போதும் அரியணையில் அமர்ந்திருந்தனரே, அவர்கள் பெயரும் வருமே! அதனால்தான் கடலை அழைத்தனர். குற்றவாளியின் பெயரை அழித்தால் குற்றமும் சேர்ந்து அழிகிறது. குற்றம் அழிந்தால் பலியானவன் பலியானதும் பொய்யாகிறது. அந்தக் கடலில் மூழ்கியது ஒரு பேரியா அல்ல, தோழர்களே! அவர் கையொப்பத்தால் மாண்ட ஆயிரமாயிரம் பேரின் வழக்கு!

காடு சொன்ன சாட்சியம்

அந்த வழக்குகளில் ஒன்றைச் சொல்கிறேன். 1940ஆம் ஆண்டு மார்ச் திங்களில் பேரியா எழுதிக் கொடுத்த பரிந்துரை ஒன்றின் மீது ஸ்டாலினும் உடனிருந்தோரும் ஒப்பமிட்டனர். அதன்படி, சோவியத் பிடியில் இருந்த ஏறத்தாழ 22,000 போலந்து நாட்டவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். படை அதிகாரிகள், காவலர்கள். படைக்கு அழைக்கப்பட்டு வந்த மருத்துவர்கள், ஆசிரியர்கள், பொறியாளர்கள் அவர்கள். ஒரு நாட்டின் படித்த தலைமுறை. காத்தின் காட்டிலும் வேறு சில இடங்களிலும் குழிவெட்டிப் புதைத்து, மேலே மரக்கன்றும் நட்டனர்.

1943இல் ஜெர்மானியப் படை அந்தக் குழிகளைத் தோண்டிக் காட்டியது. இரக்கத்தாலா? இல்லை! இட்லரின் படைக்கு இரக்கமேது? எதிரியைத் தூற்ற ஒரு கருவி கிடைத்ததே என்ற மகிழ்ச்சியால். உடனே மாஸ்கோ, “கொன்றது நாங்கள் அல்லோம், ஜெர்மானியரே” என்றது. அன்று தொடங்கிய பொய், ஆண்டுக் கணக்கில் அரசாண்டது. போலந்திலே கணவனை இழந்தவள், அவன் எந்த ஆண்டில் இறந்தான் என்பதைக் கல்லறைக் கல்லிலே எழுதுவதும் அரசியலாயிற்று. 1940 என்று எழுதினால் கொன்றவர் ருஷ்யர். 1941 என்று எழுதினால் கொன்றவர் ஜெர்மானியர். ஓர் இலக்கம்! ஒரே ஓர் இலக்கத்துக்காக ஒரு நாடு அரை நூற்றாண்டு வாய்பொத்தி நின்றது.

1990 ஏப்ரல் 13ஆம் நாள்தான் சோவியத் அரசு உண்மையை ஒப்புக்கொண்டது. 1992இல் அந்த ஒப்பமிட்ட தாளே வெளியுலகுக்கு வந்தது. இடையிலே 1956 பிப்ரவரியில், குருஷ்சேவ் தம் கட்சி மாநாட்டின் மூடிய அரங்கிலே ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைப் பற்றிப் பேசினார். உலகமெல்லாம் அந்தப் பேச்சு உலவியது. ஆனால் 1989 வரையில் சோவியத் குடிமகன் அதை அச்சில் படித்திட வழியில்லை! தன் வீட்டு இழவுச் செய்தியை அடுத்த ஊரார் அறிந்திருக்க, தான் மட்டும் அறியாதிருந்தான்.

கொடி இறங்கிய பின்

1991இல் செங்கொடி இறங்கிற்று. “இனி ஏடுகள் திறக்கும், இனிக் கத்தரிக்கோலுக்கு வேலையில்லை” என்றனர் பலர். திறக்கவும் செய்தன. ஆண்ட்ரெய் சகரோவ் முதலானோர் 1989இல் ‘மெமோரியல்’ என்றோர் அமைப்பினை நிறுவினர். நினைவகம் என்று பொருள். வதை முகாம்களிலே மாண்டவர் பெயர்களை ஒவ்வொன்றாய்த் திரட்டுவது அவர்தம் பணி. பெயர், ஊர், பிறந்த ஆண்டு, கைதான நாள், சுடப்பட்ட நாள். வேறு அணி அலங்காரம் ஏதுமில்லாத பட்டியல். உலகிலே அதைவிட உருக்கமான காப்பியம் எதையும் நான் அறியேன்.

அந்த அமைப்பினை 2021 டிசம்பர் 28ஆம் நாள் ருஷ்ய உச்சநீதிமன்றம் கலைத்திட ஆணையிட்டது. மறு ஆண்டு அதற்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது. பரிசு வந்தது, அமைப்பு இல்லை! 1991 ஆகஸ்டிலே மாஸ்கோ மக்கள் திரண்டு நின்று பார்த்திருக்க அகற்றப்பட்ட சிலை, இரகசியக் காவல் துறையைத் தோற்றுவித்த செர்சின்ஸ்கியின் சிலை. 2023இல் அதே வடிவில் ஒரு சிலை அயலக உளவுத் துறையின் அலுவலகத்திலே எழுந்து நின்றது. 2025 மே திங்களில் மாஸ்கோ சுரங்க இரயில் நிலையம் ஒன்றிலே ஸ்டாலினின் புடைப்புச் சிற்பம் மீண்டும் வந்து அமர்ந்தது. கொடி மாறிற்று, கத்தரிக்கோல் மட்டும் கைமாறி, அதே மேசையில் அப்படியே இருந்தது.

ருஷ்யாவை விடுங்கள், அங்கேரியைப் பாருங்கள். இம்ரே நாகி என்பார் அந்நாட்டின் தலைமை அமைச்சர், அவரும் பொதுவுடைமையரே. 1956இல் மக்கள் எழுச்சியின் பக்கம் நின்றார். அதற்காக 1958 ஜூன் 16இல் தூக்கிலிடப்பட்டார். கல்லும் பெயரும் இல்லாத குழியிலே புதைக்கப்பட்டார். சரியாக 31 ஆண்டுகள் கழித்து, 1989 ஜூன் 16இல், இலட்சக்கணக்கானோர் கூடி அவரை மீண்டும் அடக்கம் செய்தனர். அந்த மேடையிலே ஏறி, “சோவியத் படை வெளியேற வேண்டும்” என்று முழங்கினான் 26 வயது இளைஞன் ஒருவன். விக்டர் ஓர்பான் அவன் பெயர். பின்னர் பாராளுமன்றத்தை நோக்கியபடி நாகிக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தனர். 2018 டிசம்பரில், இரவோடு இரவாக அந்தச் சிலை பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடம் சென்றது. அப்போது தலைமை அமைச்சர் யார்? அதே விக்டர் ஓர்பான்! நாகியின் சாவு அவருக்குப் பயன்பட்டது. நாகியின் கொள்கை பயன்படவில்லை. ஆகவே சாவை எடுத்துக்கொண்டு ஆளை அப்புறப்படுத்தினர்.

அண்டை வீட்டார்

இதுவரை நான் சொன்னதெல்லாம் அரசுகள் செய்தது. அரசைக் குறைகூறுவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். இனிச் சொல்லப் போவதுதான் கடினமானது. ஏனெனில் இது மக்கள் செய்தது.

காத்தின் காட்டிலே மாண்ட போலந்து மக்களின் துயரைச் சொன்னேன். அதே போலந்திலே யெத்வாப்னே என்று ஒரு சிற்றூர். 1941 ஜூலை 10. ஊர் ஜெர்மானியர் பிடியில். அன்று அவ்வூர்ப் போலந்து மக்களில் சிலர், தம்முடன் வாழ்ந்த யூதர்களை, சந்தையில் பேரம் பேசியவர்களை, தம் குழந்தைகளின் பெயரையும் அறிந்தவர்களை, ஒரு களஞ்சியக் கொட்டகையில் அடைத்துத் தீ வைத்தனர். நூற்றுக்கணக்கானோர் வெந்து மடிந்தனர். போர் முடிந்தபின் அங்கே ஒரு நினைவுக்கல் நட்டனர். எரித்தது யார் என்று அந்தக் கல் சொல்லிற்று? இட்லரின் காவல் படை என்று!

பல பத்தாண்டுகள் அந்தக் கல் பொய் சொல்லிக்கொண்டு நின்றது. 2000ஆம் ஆண்டிலே யான் கிராஸ் என்னும் வரலாற்றாசிரியர் ‘அண்டை வீட்டார்’ என்ற பெயரில் ஒரு நூல் எழுதினார். நாடே கொந்தளித்தது. “நாங்கள் பலியானவர்கள் அல்லவா? இட்லரும் கொன்றான், ஸ்டாலினும் கொன்றான். எங்களைக் கொலைகாரர் என்பதா?” என்று கதறினர். 2001இல், அதே ஜூலை 10ஆம் நாளில், போலந்துக் குடியரசுத் தலைவர் குவாஷ்நியெவ்ஸ்கி அந்த இடத்திலே நின்று மன்னிப்புக் கேட்டார். பழைய கல் போயிற்று. புதிய கல் வந்தது. அதிலும் எரித்தவர் யார் என்பது எழுதப்படவில்லை. 2018இல், நாஜிக் கொடுமைகளில் போலந்து இனத்துக்குப் பங்குண்டு என்பாருக்கு மூன்றாண்டுச் சிறை என்றே சட்டம் செய்தனர். உலகம் எதிர்த்ததும், அதே ஆண்டிலே சிறைத் தண்டனையை நீக்கினர்.

தோழர்களே, இங்கேதான் ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு மக்களுக்கும் பேரேட்டிலே இரண்டு பக்கம் உண்டு: நாம் பட்டது ஒரு பக்கம், நாம் செய்தது மறு பக்கம். பட்டதை எழுதுகையில் மை வற்றுவதில்லை. செய்ததை எழுத வருகையில்தான் எழுதுகோல் உடைந்து போகிறது. காத்தின் உண்மை, யெத்வாப்னேயும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது.

நம் ஊர்ப் பேரேடு

“எங்கோ இருக்கும் போலந்தின் கதை எங்களுக்கு எதற்கு?” என்று எவரேனும் எழுந்து கேட்கக்கூடும். எங்கோ நடப்பது இங்கும் நடக்கிறது. 2018 மார்ச் 5இல் திரிபுராவின் பெலோனியா நகரிலே, தேர்தல் முடிவு வந்த சூடு தணியுமுன், இலெனின் சிலையை மண்வாரி இயந்திரம் கொண்டு சாய்த்தனர். மறுநாள் இரவே நம் நாட்டுத் திருப்பத்தூரில் பெரியார் சிலை சிதைக்கப்பட்டது. சிலையைச் சாய்த்தவர்கள் யாரும் அருகிலே ஒரு பலகை நட்டு, ‘இவர் இன்னது சொன்னார், அது தவறு என்பதற்குக் காரணம் இது’ என்று எழுதி வைக்கவில்லை. அதற்குப் படிக்க வேண்டும். சாய்ப்பதற்கோ இயந்திரம் போதும்.

நாமும் சிலையை அகற்றியதுண்டு. மவுண்ட் ரோட்டிலே கர்னல் நீல் என்ற வெள்ளைத் தளபதியின் சிலை நின்றது. 1857இல் வட நாட்டிலே ஊர் ஊராகத் தூக்கு மரம் நட்டவன் அவன். 1927இல் அந்தச் சிலையை எதிர்த்து இளைஞர்கள் அறப்போர் புரிந்து சிறை சென்றனர். 1937இல் சிலை அகற்றப்பட்டது. எங்கே போயிற்று? உடைத்துக் கடலில் எறிந்தனரா? இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. பீடம் பறிபோயிற்று; சாட்சியம் பறிபோகவில்லை. அதுவே அறிவுடையோர் வழி என்பேன்.

வெள்ளையன் செய்ததை நாம் மறக்கவில்லை. சரி, நாம் செய்தது? அந்தப் பக்கத்தையும் புரட்டிட வேண்டுகிறேன். தொலைவு போக வேண்டாம். இங்கிருந்து மேற்கே, பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் வாருங்கள்.

பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலை, கர்னாடிக் ஆலை. ‘பி அண்ட் சி மில்’ என்றால் வடசென்னையில் முதியோர் இன்றும் தலை நிமிர்ந்து பேசுவர். 1918 ஏப்ரல் 27இல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவிலே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்ற பெருமை அதற்கு உண்டு. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், செல்வபதியாரும் இராமானுஜுலுவும் செயலர்கள். 1920 டிசம்பர் 9இல் தொழிலாளர் மீது காவல் துறை சுட்டது. இரண்டு உயிர்கள் மாய்ந்தன. நிறுவனம் சங்கத் தலைவர்கள் மீதே உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சங்கம் அமைப்பதே குற்றமாகிவிடும் போலிருந்த அந்த நிலைதான், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு காரணம். இவையெல்லாம் நாம் பட்டது. மேடைதோறும் சொல்கிறோம், சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே இருப்போம்.

1921 வருகிறது. மே திங்களில் கர்னாடிக் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் பக்கிங்காம் ஆலைக்கும் பரவி, அக்டோபர் வரை நீடிக்கிறது. சாதி இந்துத் தொழிலாளரும் இசுலாமியத் தொழிலாளரும் வெளியே. ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் ஆலைக்குள்ளே. ஏன் உள்ளே சென்றனர்? “கருங்காலிகள்” என்று ஒரு சொல்லால் முடித்துவிடலாம்; முடித்தும் விட்டனர். ஆனால் கேளுங்கள்: முந்தைய போராட்டத்திலே அவர்களும்தான் வெளியே நின்றனர். பட்டினியை அறிந்தனர். மற்றவருக்கு ஊரிலே ஒரு துண்டு நிலம், உறவிலே ஒரு கடன்கொடுப்பவர். இவர்களுக்கோ ஆலைக்கூலி நின்றால் அடுத்த வேளை உலை நிற்கும். ஆலைக்குள்ளே தோளோடு தோள் நின்ற தோழன், ஆலைக்கு வெளியே அவனைத் தன் தெருவில் ஏற்றினானா? தண்ணீர்ப் பானையைத் தொட விட்டானா? தொட விடாதவன், போராட்ட நாளில் மட்டும் ‘தோழா’ என்றால், அந்தச் சொல்லின் மீது எப்படி நம்பிக்கை வரும்? நிறுவனமும் அரசும் இந்தப் பிளவைக் கண்டன; ஆப்பு வைத்தன. உண்மை. ஆனால் ஆப்பு நுழைய வேண்டுமானால் மரத்திலே முன்னரே வெடிப்பு இருந்தாக வேண்டுமல்லவா!

ஜூன் 28. புளியந்தோப்பிலே மோதல் மூண்டது. ஆதி திராவிடர் குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. வீடிழந்தோர் வியாசர்பாடி முகாமிலே ஒதுங்கினர். பின்னர் அடியும் பதிலடியும். ஆகஸ்ட் 29இல் காவல் துறையின் துப்பாக்கி மீண்டும் வெடித்தது, மீண்டும் உயிர்ப்பலி. திரு.வி.க.வை நாடு கடத்திவிடுவோம் என்று ஆளுநர் வெலிங்டன் மிரட்டினார். இறுதியிலே வேலைநிறுத்தம் தோற்றது. பசித்த வயிறோடு, நிறுவனம் சொன்ன நிபந்தனைக்குத் தலைகுனிந்து தொழிலாளர் திரும்பினர். சங்கம் நொறுங்கிற்று.

இன்னும் கசப்பானதையும் கூறிவிடுகிறேன். இந்த ஏட்டைப் படிப்போர் அறிந்திருக்க வேண்டியது. அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி, நம் முன்னோடிகளின் கட்சி. வகுப்புரிமை தந்த கட்சி. பெண்களுக்கு வாக்குரிமை தந்த கட்சி. அதன் தலைவர் பிட்டி தியாகராயர் இதே வடசென்னையைச் சேர்ந்தவர். நாம் போற்றும் பெரியவர். ஆனால் அந்த வேளையில் அவரும் கட்சியினர் சிலரும், ஆதி திராவிடருக்கு அரசு அளவு மீறிச் சலுகை காட்டுவதே தொல்லைக்குக் காரணம் என்றனர். எம்.சி. இராசா, அதே கட்சியின் சட்டமன்ற உறுப்பினர், ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை அரசு ஏடுகளிலே இடம்பெறச் செய்யத் தீர்மானம் கொணர்ந்தவர், மனம் நொந்தார். எரிந்த குடிசைக்காரன் பக்கம் நின்று பேசினார். 1923இல் கட்சியை விட்டே விலகினார். தியாகராயரின் பெருமையை இதைச் சொல்வதால் குறைத்திட எண்ணவில்லை. அவர் கட்டிய கோட்டையில் ஒரு வாயில் மூடியே இருந்தது. அந்த வாயிலில் நின்றவன் திரும்பிச் சென்றான். அதைச் சொல்லாமல் கோட்டையின் வரலாறு முழுமை பெறாது.

போலந்தில் நடந்தது வேறு. புளியந்தோப்பில் நடந்தது வேறு. அளவும் வேறு, கொடுமையும் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்திட நான் வரவில்லை. எழுதுகோல் உடையும் இடம் ஒன்றுதான் என்பதையே சொல்கிறேன்.

நான் நாடகம் எழுதுபவன். இரண்டு பாத்திரங்களை வைத்து நாடகம் எழுதுவது எளிது: கொடிய முதலாளி, நல்ல தொழிலாளி. திரை விழுமுன் கைதட்டல் உறுதி. மூன்றாவது ஆள் ஒருவன் மேடைக்கு வந்து, தன் எரிந்த குடிசையைச் சுட்டிக் காட்டி, “இதற்கு எந்தக் காட்சியில் இடம்?” என்று கேட்டால், நாடகம் தடுமாறுகிறது. ஆகவே அவனை ஒப்பனை அறையிலேயே நிறுத்திவிடுகின்றனர். முதலாளி எழுதும் வரலாற்றில் துப்பாக்கிச் சூடு இல்லை. தொழிலாளி பாடும் வரலாற்றில் புளியந்தோப்பு இல்லை. இருவர் கையிலும் கத்தரிக்கோல். வெட்டிய இடத்தில் ஒட்டுவதற்கு இருவருக்கும் ஒரு கடல் கிடைத்துவிடுகிறது.

ஆலை 1996இல் மூடப்பட்டது. சங்கு ஊதிய நிலத்திலே இன்று அடுக்குமாடிகள். சுவர் போன பின்னர் நினைவு ஒன்றே எஞ்சி நிற்கிறது. அதையும் பாதியாக வெட்டிவிட்டால், நாளை வருகிறவன் எதைக் கொண்டு நம்மை அறிவான்?

இன்றைய மூன்றாம் ஆள்

“பழங்கதை! இதைக் கிளறினால் ஒற்றுமை குலையும், எதிரிக்கு வாய்ப்பாகும்” என்று சொல்வோர் உண்டு. நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள் என்றே கொள்கிறேன். ஆனால் காத்தினை மறைத்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்: நட்புறவு குலையும், எதிரிக்கு வாய்ப்பாகும்! மறைத்ததால் நட்புறவு வாழ்ந்ததா? உண்மை வெளிப்பட்ட நாளில் எதிரி கொடுத்த அடியைவிடப் பொய் கொடுத்த அடியே பெரிதாயிற்று.

மேலும், இது பழங்கதையும் அல்ல. துறைமுகத்திலிருந்து மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வரையிலும் நடந்து பாருங்கள். வாயிலுக்கு உள்ளே நிரந்தரத் தொழிலாளி. அதே வாயிலுக்கு உள்ளே ஒப்பந்தத் தொழிலாளி. இருவர் செய்வதும் ஒரே வேலை; வாங்குவது ஒரே கூலி அல்ல. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவன் ஓர் அறையில் பலரோடு படுத்து எழுகிறான். அவனுக்கு நம் சங்கத்தின் கொடி தெரியும்; கொடியின் கீழே அவனுக்கு இடம் உண்டா என்பது தெரியாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினர். பொய்யென்று நிறுவப்பட்டது, பரப்பியோர் மீது வழக்குகளும் பாய்ந்தன. நன்று. ஆனால் அந்தப் பொய்யை அத்தனை பேர் ஒரு கணம் நம்பி அஞ்சி இரயில் ஏறினார்களே, ஏன்? அவர்களின் தோளிலே கை வைத்து, “அஞ்சாதே, நான் இருக்கிறேன்” என்று அவர்கள் மொழியிலே சொல்ல, அன்றாடம் பழகிய ஒரு தோழன் இல்லாததால்!

நாளை ஒரு வேலைநிறுத்தம் வருமானால், அவன் உள்ளே செல்வானா, வெளியே நிற்பானா? அன்று அவனைக் கருங்காலி என்று திட்டுவதற்கு ஒரு நொடி போதும். இன்று அவனை உறுப்பினனாக்குவதற்கோ ஓராண்டு உழைக்க வேண்டும். 1921ஐ முழுமையாகப் படித்தவன் அந்த ஓராண்டு உழைப்பை இன்றே தொடங்குவான். பாதி படித்தவன், நாளைத் திட்டுவதற்குச் சொல் தேடிக்கொண்டிருப்பான். தோழர்களே, முழு நினைவு நமக்கு வேண்டும் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். பழியேற்று மார்பில் அடித்துக்கொள்வதற்காக அன்று. அடுத்த போராட்டத்திலே வெல்வதற்காக!

என்ன செய்யலாம்? பெரிய சட்டம் வேண்டாம். நினைவைச் சட்டத்தால் ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதற்குப் போலந்தும் ருஷ்யாவும் சான்று. நம்மால் ஆவது எளியது. ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு ஏடு வையுங்கள். ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்த முதியோரை அமர்த்தி, அவர்கள் சொல்வதை எழுதுங்கள். பெரம்பூர்க்காரர் சொல்வதையும் எழுதுங்கள். புளியந்தோப்புக்காரர் சொல்வதையும் எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். டிசம்பர் 9இல் மலர் வைக்கும் கை, ஜூன் 28இலும் புளியந்தோப்புக்குச் சென்று மலர் வைக்கட்டும். மே நாள் மேடையிலே, 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் அந்த விழாவைத் தொடங்கி வைத்த பெருமையைச் சொல்லுங்கள். சொன்ன வாயால், அதற்கு ஈராண்டு முன்னர் தொழிலாளி தொழிலாளியின் குடிசையை எரித்ததையும் சொல்லுங்கள். கேட்பவன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். பிறகு சிந்திப்பான்.

நம்மீது வீசப்படும் பொய்களை மறுத்திட நமக்கு எந்நாளும் உரிமை உண்டு. ஆனால் தன் ஏட்டிலே பக்கங்களைக் கத்தரித்தவன், பிறன் ஏட்டைப் பொய்யென்று சுட்டும்போது அவன் விரல் நடுங்கும். நடுங்காத விரல் நமக்கு வேண்டும். எல்லாப் பக்கங்களும் உள்ள ஏடு நமக்கு வேண்டும். அந்த ஏட்டோடு புளியந்தோப்புக்குப் போவோம். அந்த ஏட்டோடு எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளியின் அறைக்கதவைத் தட்டுவோம். கதவு திறக்கும் என்று நம்புகிறேன்.